ஃபைண்ட்ஆல் காலி லிஸ்ட் தருகிறது, ஆனால் எக்ஸ்எம்எல்லில் டேக் இருக்கிறது

கேள்வி:
பைத்தானில் எலிமென்ட்ட்ரீ (எக்ஸ்எம்எல் படிக்கும் லைப்ரரி) வைத்து ஓர் ஆட்டம் (Atom) ஃபீடைப் படிக்கிறேன், அதாவது ஒரு தளத்தின் பதிவுகளைப் பட்டியலிடும் எக்ஸ்எம்எல் கோப்பை. கோப்பைத் திறந்தால் என்ட்ரி டேக்குகள் வரிசையாக இருக்கின்றன. டேக்குகளைத் தேடித் தரும் ஃபைண்ட்ஆல் போட்டால் காலி லிஸ்ட், எர்ரரும் இல்லை. அடுத்து 800 எம்பி கோப்பு ஒன்றும் காத்திருக்கிறது. இதே முறை தாங்குமா?

பதில் 1:
நேம்ஸ்பேஸ்தான் (டேக் பெயர் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் முகவரி), வேறொன்றுமில்லை. முதல் டேக்கில் எக்ஸ்எம்எல்என்எஸ் என்று ஒரு முகவரி இருக்கும். உள்ளே உள்ள டேக்குகளுக்கும் அது பொருந்தும். பார்சர் பார்ப்பது வெறும் ‘என்ட்ரி’ அல்ல, நெளி அடைப்புக்குள் முகவரி, அதையொட்டி என்ட்ரி. ரூட்டின் டேக்கை பிரிண்ட் செய்து பாருங்கள், புரிந்துவிடும். ஒரு டிக்‌ஷனரியில் ஏதாவது முன்னொட்டுக்கு அந்த முகவரியைக் கொடுத்து, ஃபைண்ட்ஆலின் இரண்டாவது ஆர்கியுமென்டாக அனுப்புங்கள். தேடும்போது முன்னொட்டு, முக்காற்புள்ளி, என்ட்ரி. முன்னொட்டு உங்கள் இஷ்டம். முகவரியில் ஓர் எழுத்து பிசகினாலும் மறுபடி காலி லிஸ்ட்தான். பைத்தான் 3.8 முதல் முகவரிக்குப் பதில் நட்சத்திரக் குறி போடலாம். அவசரத்துக்குச் சரி.

பதில் 2:
800 எம்பிக்கு பார்ஸ் வேண்டாம், மொத்த மரமும் மெமரியில் ஏறும். கோப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கும் இட்டர்பார்ஸ் போடுங்கள். டேக் திறக்கும்போது ‘ஸ்டார்ட்’, மூடும்போது ‘எண்ட்’ என்று ஈவென்ட் வரும். ‘எண்ட்’ ஈவென்ட்டில்தான் படிக்க வேண்டும். ‘ஸ்டார்ட்’டில் உள்ளடக்கம் முழுதாக வந்திருக்காது. படித்ததும் எலிமென்ட்டை கிளியர் செய்வதோடு நிறுத்தினால் போதாது. காலி எலிமென்ட்டுகள் ரூட்டில் தொங்கிக்கொண்டே இருக்கும், மெமரி மெல்ல ஏறும். முதல் ‘ஸ்டார்ட்’ ஈவென்ட்டில் ரூட்டைப் பிடித்துவைத்து, ஒவ்வொரு என்ட்ரி முடிந்ததும் ரூட்டையும் கிளியர் செய்யுங்கள்.

பதில் 3:
கோப்பு வெளியாட்கள் அப்லோட் செய்வதா? அப்படியானால் டிஃபியூஸ்டுஎக்ஸ்எம்எல் (ஆபத்தான எக்ஸ்எம்எல்லைத் தடுக்கும் லைப்ரரி) வழியாகப் படியுங்கள். பார்சர் பழையதாக இருந்தால், சில வரி எண்டிட்டியை (வேறு உரையாக விரியும் சுருக்கப் பெயர்) ஒன்றுக்குள் ஒன்றாக விரித்தே சர்வரைத் திணறடிக்க முடியும்.