புதுப்பிப்பு: கூடுவாஞ்சேரி வீடும் வில்லங்கச் சான்றில் நின்ற பழைய அடமானமும்

சென்னையிலிருந்து கூடுவாஞ்சேரிக்குக் குடிபெயர ஒரு மறுவிற்பனை வீட்டைப் பார்த்திருப்பதாகவும், விற்பவர் கடனை அடைத்துவிட்டதாகச் சொல்லியும் சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றில் அடமானம் தெரிவதாகவும் சொல்லி, என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. கிரயப் பத்திரம் பதிவாகி, குடியேறியும் விட்டோம்.

விற்பவரிடம் வங்கி கொடுத்த கடன் தீர்வுக் கடிதம் இருந்தது. ஆனால் கடன் வாங்கும்போது உரிமை ஆவணங்களை ஒப்படைத்ததற்கான ஆவணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்ததால், கடன் தீர்ந்ததற்கான இரசீது ஆவணத்தையும் அங்கே பதிவு செய்தால்தான் அது சான்றில் ஏறும் என்று உங்களில் ஒருவர் எழுதியிருந்தார், அதுவே பலித்தது. வெறும் கடிதத்தை ஏற்க மறுத்த எங்கள் வங்கி, இரசீது பதிவான பின் எடுத்த புதிய சான்றைப் பார்த்ததும் கடனுக்கு இசைந்தது. அந்த இரசீதை விற்பவருக்குக் கடன் கொடுத்த வங்கியின் அதிகாரி வந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதால், விற்பவரை முன்கூட்டியே அலைய விடுவது நல்லது.

எதிர்பாராதது ஒன்று. 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் கணக்கில் இருந்தன. ஆனால் விலை 50 லட்சத்தைத் தாண்டியதால், விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதத்தை வருமான வரியாக நாங்களே பிடித்துச் செலுத்த வேண்டியிருந்தது. நமக்கு இது கூடுதல் செலவு இல்லை என்றாலும், விற்பவரிடம் விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

பயணத்தைப் பொறுத்தவரை, சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வரும் மின்சார ரயில்களில் பல தாம்பரத்தோடு நின்றுவிடுவதால், அதைத் தாண்டி கூடுவாஞ்சேரி வழியாகப் போகும் செங்கல்பட்டு வண்டியின் நேரம் பார்த்தே அலுவலகத்தை விட்டுக் கிளம்புகிறேன்.