வயிற்றுக் கிருமித் தொற்று: இனமா, வளர்ந்த சூழலா? உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. வயிற்றில் வாழும் பாக்டீரியாவான ஹெலிகோபாக்டர் பைலோரியின் தொற்று சில இனக்குழுக்களில் ஏன் அதிகம் என்ற ஆய்வுக்குக் கேள்வித்தாள் தயாரித்து வருகிறேன். ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன்.

அமெரிக்காவில் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடமும் ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளி) மக்களிடமும் இத்தொற்று கூடுதல். அதை இனத்தின் மேல் ஏற்றிவிட எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கிருமி பெரும்பாலும் சிறுவயதில், வீட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொள்கிறது. இடமில்லாத வீடு, ஒரே படுக்கையில் பல பிள்ளைகள், சுத்தமில்லாத தண்ணீர், தொற்றுள்ள தாய் என்று காரணங்கள் அங்கேதான் கிடக்கின்றன. இன்றைய வருமானத்தைக் கேட்டால் 40 வருடத்துக்கு முந்தைய வீடு எப்படித் தெரியும்? 1994-லேயே புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தப்பட்ட கிருமி இது; தப்பாக அளந்துவிடக் கூடாது.

சிறுவயதுச் சூழலை அளக்க நீங்கள் பயன்படுத்திய கேள்விகள் உண்டா? பிறந்த நாட்டையும் இனத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

அப்புறம், பரிசோதனை. ரத்தத்தில் எதிர்ப்பான் பார்த்தால் குணமான பழைய தொற்றும் சேர்ந்து வந்துவிடும். யூரியா மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை இரண்டில் எதற்கு மக்கள் எளிதாகச் சம்மதிக்கிறார்கள்? களத்தில் வேலை செய்தவர்கள் அவசியம் சொல்லுங்கள்.