பலூனை விடுங்கள், கப்படோக்கியாவில் யாரைப் பார்த்தீர்கள்?

கூடுவாஞ்சேரிக்காரன்

துருக்கிக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் ஆள் ஏறிப் பறக்கும் பலூன் படத்தைத்தான் போடுகிறார்கள். 2018 அக்டோபரில் நான் அங்கே கப்படோக்கியா வட்டாரத்தின் கோரெமே ஊரில் தங்கிய மூன்று நாளும் காற்று. மூன்று நாளும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, இன்று பறக்காது என்று கேட்டுவிட்டு மறுபடியும் போர்வைக்குள் போனேன். பணம் திரும்பி வந்தது, தூக்கம் வரவில்லை. அந்தக் கடுப்பில்தான் மூன்றாம் நாள் ஸெல்வே என்ற பழைய குகை ஊருக்குப் பஸ் ஏறினேன்.

அந்த வட்டாரத்து எரிமலைகள் பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு கக்கிய சாம்பல் படிந்து இறுகிய மண்தான் அங்கே பாறை. கல் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சுவரைத் தடவினால் உள்ளங்கையில் ரவை போல ஒட்டுகிறது. தலையில் கெட்டியான கரும்பாறைத் தொப்பி இருக்கும் இடத்தில் மட்டும் மழையும் காற்றும் தோற்று, கீழே கூம்பு நிற்கிறது. ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'பெரி பாஜாசி', தேவதைகளின் புகைபோக்கி.

ஸெல்வே மூன்று பள்ளத்தாக்குகள் கூடும் இடம். ஒரு குன்றின் முகம் அப்படியே சரிந்து விழுந்திருக்கிறது. உள்ளே இருந்த அறைகள் இப்போது வெட்டவெளியில், மூன்று மாடி உயரத்தில் தெரிகின்றன. படம் எடுத்து, 'ஆதி மனிதர்களின் குகைகள்' என்று தலைப்பும் எழுதிவிட்டேன். பக்கத்துத் திண்டில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், கூடவே மகன். பெரியவர் கைத்தடியால் மேலே காட்டி ஏதோ சொல்ல, மகன் ஆங்கிலத்தில் சொன்னார்: "அதோ அந்தக் கறுப்புக் கூரை, அதுதான் எங்கள் சமையலறை என்கிறார்."

பார்த்தால், கூரையெல்லாம் புகைக் கரி. சுவரில் வரிசையாக மாடக்குழிகள், விளக்குக்கு ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று. தரையில் ஒரு குழி இருக்குமாம், பெயர் 'தந்தர்'. நம் ஓட்டல் தந்தூரிக்கு உறவு. ரொட்டி சுட்ட பிறகு அதன்மேல் தாழ்வான பலகை போட்டு, பெரிய போர்வை விரித்து, சுற்றிலும் உட்கார்ந்து வீட்டார் எல்லோரும் காலை உள்ளே நீட்டிக் குளிர்காய்வார்களாம்.

பாறை சரிந்து ஆபத்து என்று 1952இல் அரசாங்கம் ஊரையே காலி செய்து பக்கத்தில் புது வீடுகளுக்கு அனுப்பியது. அப்போது பெரியவருக்கு ஆறு வயது. என் அப்பாவின் வயது, அதாவது. புது வீடு எப்படி இருந்தது என்று கேட்டேன். "முதல் மழைக்குப் பயந்து அழுதேன். குகைக்குள் மழைச் சத்தம் கேட்காது" என்றார்.

அந்தத் தலைப்பை அங்கேயே அழித்தேன். உங்களுக்கு அங்கே யாராவது இப்படி மாட்டினார்களா? எழுதுங்கள்.

மலைக்கோட்டை

நான் யாரிடமும் மாட்டவில்லை ஐயா, நானே மாட்டிக்கொண்டேன்! டெரின்குயு பாதாள நகரம். 1963இல் ஒருவர் தன் வீட்டுச் சுவரை இடித்தபோது பின்னால் ஓர் அறை, அதற்குப் பின்னால் இன்னொன்று என்று போய், சுமார் 85 மீட்டர் ஆழத்துக்கு ஒரு நகரமே கிடைத்தது. படையெடுப்புக் காலத்தில் ஆடு மாடுகளோடு மக்கள் ஒளிந்திருந்த இடம். கதவுகள், பெரிய திரிகைக் கல்லை நிமிர்த்தி வைத்தது போல உருண்டை வட்டக் கற்கள். உள்ளே இருப்பவர் மட்டுமே உருட்டி மூடலாம், நடுவில் ஒரு துளை.

என் உடம்பு நூற்றிரண்டு கிலோ. குனிந்தே இறங்கும் ஒரு படிக்கட்டில், பாதி வழியில் மூச்சு முட்டி நின்றுவிட்டேன். பின்னால் ஒரு பள்ளிக்கூடமே வந்துகொண்டிருந்தது. அவர்களின் டீச்சர் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. முப்பது பிள்ளைகளையும் ரயிலைப் பின்னோக்கி ஓட்டுவது போல ஓட்டி, மேல் அறையில் ஒதுக்கி நிறுத்தி எனக்கு வழி விட்டார். காற்றுக் குழாயின் கீழே கொண்டுபோய் நிற்க வைத்தார். மேலேயிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் விழுந்தது, கிணற்றுக்குள் நின்று வானத்தைப் பார்ப்பது போல. பிள்ளைகள் ஒரே குரலில் "கெச்மிஷ் ஓல்சுன்" என்றார்கள். வந்த கஷ்டம் கடந்து போகட்டும் என்று அர்த்தமாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தயவுசெய்து யோசித்து இறங்குங்கள்.

உடன்குடிப் பெண்

என் கதை அடுப்படிக் கதை. உச்ஹிசார் ஊரிலிருந்து புறாப் பள்ளத்தாக்கு வழியாக நடந்தோம். பாறை முழுக்கச் சின்னச் சின்னச் சதுர ஓட்டைகள், எல்லாம் புறாக்களுக்காகக் குடைந்தவை. புறா எச்சம்தான் திராட்சைத் தோட்டத்துக்கு எரு. (கோரெமேயில் 'இருட்டுத் தேவாலயம்' என்ற, பாறையைக் குடைந்த தேவாலயத்தைக்கூட ஒரு காலத்தில் புறாக்கூடாகத்தான் வைத்திருந்தார்கள். சன்னல் சிறியது, வெளிச்சம் குறைவு, அதனால் சுவரோவியங்களின் நீலம் இன்றும் கண்ணைப் பறிக்கிறது. தனி டிக்கெட், யோசிக்காமல் வாங்குங்கள்.)

வழியில் ஒரு வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் பெரிய கொப்பரையில் திராட்சைச் சாறு காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். 'பெக்மெஸ்' என்கிறார்கள், திராட்சைப் பாகு. வயதான அம்மா வெள்ளை மண்ணை ஒரு கை அள்ளிச் சாற்றில் போட்டதும் என் கணவர் பதறிப்போனார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அதில் என்ன புதுமை? அவர்கள் புளிப்பை எடுக்கப் போடுகிறார்கள், நாம் புளித்துவிடாமல் இருக்கத் தடவுகிறோம். கைபேசியில் பனைமரப் படம் காட்டி, சுண்ணாம்பைச் சைகையில் விளக்கினேன். "தேய்ஸே" (சித்தி என்பது போல) என்று கூப்பிட்டதும் அந்த அம்மா என் கன்னத்தைக் கிள்ளி, கரண்டியோடு பாகை வாயில் ஊட்டினார். கருப்பட்டிப் பாகில் லேசாகப் புளிப்பு சேர்ந்தது போல. ஒரு போத்தல் வாங்கி வந்தேன், இட்லிக்குத் தொட்டுக்கொண்டு ஒரே வாரத்தில் தீர்ந்தது.

பயணப்பை

குகை விடுதி பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. நான் தங்கிய இடத்தில் காலையில் எழுந்தால் தலையணை முழுக்க மணல், காபிக் கோப்பையிலும் மணல். புகார் செய்தேன். "கூரைக்கு வயதாகிறது" என்றார் உரிமையாளர், அவ்வளவுதான். மறுநாள் கட்டிலுக்கு மேலே ஒரு வேட்டி அகலத் துணியைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்.

பக்கத்து ஓர்த்தாஹிசார் ஊரில் ஒரு காட்சி. மொட்டைப் பாறையில் ஓர் இரும்புக் கதவு, வாசலில் லாரி. கதவு திறந்ததும் எலுமிச்சை வாசனை ஆளை அடித்தது. மத்தியதரைக் கடலோரத்தில் விளையும் பழத்தை இங்கே கொண்டுவந்து மாதக்கணக்கில் வைக்கிறார்கள். வெளியே பனியோ வெயிலோ, குகைக்குள் ஒரே குளிர்ச்சி, மின்சாரச் செலவில்லாத குளிர்பதனக் கிடங்கு. பெட்டி இறக்கிய ஆளிடம் விலை கேட்டேன். கையை அசைத்துவிட்டு நான்கு பழங்களை என் கோட்டுப் பையில் திணித்தார். இஸ்தான்புல் போகும் இரவு பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் விடிய விடிய மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். கடைசியில் ஒன்றைக் கொடுத்துவிட்டேன்.