வைத்திய நிபுணர் வெற்றிடம்: பிராந்தியப் பணிமனைக்கா, கொழும்புக்கா எழுதுவது?

வடமராட்சி வாசி:
எங்கள் பகுதி ஆதார வைத்தியசாலையில் மயக்க மருந்து வைத்திய நிபுணர் இல்லாததால், சிறிய சத்திரசிகிச்சைக்குக்கூட நோயாளர்களை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புகிறார்கள். நோயாளர் நலன்புரிச் சங்கத்தின் சார்பில், மாகாணத்தின் கீழ் இயங்கும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்குக் கடிதம் கொடுத்தோம். நியமனம் தமது அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று பதில் வந்தது. மாகாண வைத்தியசாலைக்கு ஆள் தர மாகாணத்தால் முடியாதென்றால், யாரைக் கேட்பது?

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:
அவர்கள் சொன்னது தட்டிக்கழிப்பு அல்ல. மாகாண சபைகளை உருவாக்கிய, 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 13ஆவது திருத்தத்துக்குப் பின்னர் போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சிடமே இருக்க, ஆதார வைத்தியசாலைகள் பலவும் பிரதேச வைத்தியசாலைகளும் மாகாணத்துக்கு வந்தன. ஆனால் வைத்தியர்கள் நாடளாவிய சேவையைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய நியமனமும் வருடாந்த இடமாற்றமும் கொழும்பிலேயே தீர்மானிக்கப்படுகின்றன. மருந்தும் பெரும்பாலும் மத்திய மருத்துவ வழங்கல் பிரிவிலிருந்தே வருகிறது. கட்டடம், பராமரிப்பு, அன்றாட நிருவாகம் ஆகியவையே மாகாணத்தின் பொறுப்பு. எனவே பிராந்தியப் பணிப்பாளர் வெற்றிடத்தை மேலே அறிவிக்கலாம், நிரப்ப முடியாது.

கடிதம் எழுதுமுன் ஒன்றைப் பாருங்கள்: அந்தப் பதவி அங்கீகரிக்கப்பட்ட ஆளணியில், அதாவது அந்த வைத்தியசாலைக்கு அனுமதிக்கப்பட்ட பதவிகளின் பட்டியலில், இருக்கிறதா? இல்லையென்றால் அது வெற்றிடமே அல்ல. முதலில் முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், அது வேறு கோப்பு. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆளணி விபரத்தைக் கேட்டால், தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்தாக வேண்டும்.

கல்முனை வாசகி:
ஒரு சேர்க்கை. பிராந்தியம் என்பது எப்போதும் மாவட்டம் அல்ல. நிருவாக மாவட்டங்கள் 25 இருக்க, பிராந்தியப் பணிமனைகள் 26. அம்பாறை மாவட்டத்தில் கல்முனைக்குத் தனிப் பணிமனை உண்டு. மேலும், நோய்த் தடுப்பில் பிராந்தியத்தின் கை உண்மையிலேயே நீளமானது. வைத்தியசாலையில் டெங்கு என்று சந்தேகித்தவுடனேயே சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவித்தல் படிவம் போகிறது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்து விசாரிக்கிறார், வாராந்த அறிக்கை பிராந்தியத்துக்கும் கொழும்பின் தொற்றுநோயியல் பிரிவுக்கும் செல்கிறது. நோய்த் தடுப்புப் பணியைப் பிரதேச அளவில் செய்ய, 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு முறையின் தொடர்ச்சி இது. மருத்துவ நிபுணர் விடயத்தில் இதே வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

வடமராட்சி வாசி:
விளக்கங்களுக்கு நன்றி. அப்படியானால் வைத்தியசாலையையே மத்திய அமைச்சு பொறுப்பேற்பது நல்லதல்லவா?

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:
நான் உடன்படவில்லை. மத்திய அமைச்சின் வைத்தியசாலைகளிலும் நிபுணர் வெற்றிடங்கள் இருக்கின்றன. பொறுப்பை மாற்றினால், கூரை ஒழுகினாலும் கொழும்புக்குத்தான் எழுத வேண்டியிருக்கும். ஆளணியில் அந்தப் பதவி இருப்பது உறுதியானால், கடிதத்தைச் சுகாதார அமைச்சின் செயலாளருக்கு முகவரியிட்டு, மாகாணப் பணிப்பாளர் ஊடாக அனுப்புங்கள். பிராந்தியப் பணிப்பாளருக்கு ஒரு பிரதி போதும். ஆளணி விபரத்தை இணைக்க மறக்க வேண்டாம், அது இல்லாத கடிதம் திரும்ப உங்கள் பிராந்தியப் பணிமனைக்கே விளக்கம் கேட்டு வரும்.