புவியறிவியல் சங்கங்களின் மாணவர் கிளைகள்: உங்கள் மனத்தில் இன்னும் நிற்கும் ஒரு சந்திப்பு எது, கிளைகளுக்குச் சங்கங்கள் எப்படி உதவலாம்? (உறுப்பினர் பதிவுகள்)

ஓய்வுபெற்ற புவி இயற்பியலாளர், சென்னை

எஸ்.இ.ஜி. (ஆய்வுப் புவி இயற்பியலாளர் சங்கம்), ஏ.ஏ.பி.ஜி. (அமெரிக்கப் பெட்ரோலிய நிலவியலாளர் சங்கம்) போன்ற பன்னாட்டுச் சங்கங்களுக்காகக் கல்லூரிகளில் மாணவர்கள் நடத்தும் கிளைகள் எப்படி இயங்குகின்றன என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், காவிரிப் படுகையின் நில அதிர்வுத் தரவுகளைப் பற்றிப் பேசுவதற்காக ஒரு கல்லூரியின் மாணவர் கிளை என்னை அழைத்திருந்தது. பேச்சு முடிந்து எல்லோரும் தேநீருக்குக் கலைந்த பிறகு, கிளையின் செயலாளரான மூன்றாம் ஆண்டு மாணவி ஒரு கோப்புடன் என்னிடம் வந்தார். அதில் இருந்தது சங்கத்துக்கு அனுப்ப வேண்டிய ஆண்டறிக்கைப் படிவம். நடத்திய கூட்டங்கள், உறுப்பினர் பட்டியல், செலவுக் கணக்கு, புதிய பொறுப்பாளர்களின் பெயர்கள் எல்லாம் திருத்தமான கையெழுத்தில் நிரப்பப்பட்டிருந்தன. ஆசிரிய ஆலோசகர் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. ஆலோசகராக இருந்த பேராசிரியர் ஓய்வுபெற்றுவிட்டார்; துறையில் வேறு எவரும் பொறுப்பேற்க முன்வரவில்லை. "நீங்கள் சங்கத்தின் மூத்த உறுப்பினர்தானே சார், உங்கள் பெயரை எழுதிக்கொள்ளலாமா?" என்று கேட்டார். ஆலோசகர் அந்தக் கல்லூரியின் ஆசிரியராகவே இருக்க வேண்டும் என்ற விதியை நான் சொன்னதும் அவர் மறுவார்த்தை பேசவில்லை. பேனாவை மூடிக் கோப்புக்குள் வைத்துவிட்டு, எனக்குத் தேநீர் எடுத்துவரப் போனார்.

அன்றே துறைத் தலைவரிடம் பேசினேன்; சங்கத்தின் அலுவலகத்துக்கும் எழுதினேன். விதியைத் தளர்த்த இயலாது என்று மரியாதையாகவே பதில் வந்தது. அடுத்த ஆண்டு அந்தக் கிளையின் பெயர் செயலற்ற கிளைகளின் வரிசையில் இருந்தது. சங்கங்களிடம் சொற்பொழிவாளர்களை ஊர் ஊராக அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது; ஏ.ஏ.பி.ஜி.யின் வருகைதரு புவியறிவியலாளர் திட்டத்தைப் போன்றவற்றை நான் உளமார மதிக்கிறேன். ஆனால் ஆலோசகரை இழந்த கிளைக்கு இன்னொருவரைத் தேடித்தரும் ஏற்பாடு எங்கேனும் இருக்கிறதா? ஆசிரியர்கள் இவ்வளவு எளிதாகக் கைவிடுவதும் எனக்கு விளங்கவில்லை.

தன்பாத்தில் படித்தவர், இப்போது ஹைதராபாத்

ஜார்க்கண்டில் தன்பாத்துக்கு அருகிலுள்ள ஜாரியா நிலக்கரி வயலில் எங்கள் கிளை நடத்திய களப்பணியில் நேர்ந்ததைச் சொல்கிறேன். அங்கே நிலத்தடியில் 1916 முதல் தீ எரிந்துகொண்டிருக்கிறது என்பதை அனைவரும் படித்திருப்பீர்கள். களப்பணிக்கென்று சங்கம் அளித்த ஒரு சிறு உதவித்தொகையைக் கொண்டு காந்த அளவீடும் மின்தடை அளவீடும் செய்யச் சென்றோம். வெந்த பாறை ஆறும்போது புதிதாகக் காந்தத்தன்மை பெறும் என்பதால், தீ கடந்துபோன இடங்களைக் காந்தமானி காட்டிக்கொடுக்கும். மூத்த உறுப்பினர் ஒருவர் விடுப்பு எடுத்துக்கொண்டு எங்களுடன் வந்திருந்தார். மாலையில் வரைபடத்தைக் கணினித் திரையில் அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது, குடியிருப்பைச் சேர்ந்த ஓர் அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். சிவப்பாக இருந்த பகுதியைத் தொட்டு, "எங்கள் வீடு இதில் எந்தப் பக்கம் இருக்கிறது?" என்று இந்தியில் கேட்டார். எங்களில் ஒருவருக்கும் வாய் திறக்க வரவில்லை. கொஞ்சம் பரப்பில், கொஞ்சம் புள்ளிகளில் எடுத்த அளவை வைத்து ஒரு வீட்டைப் பற்றிப் பொறுப்பாக எதுவும் சொல்ல முடியாது என்பதை அந்த மூத்தவர்தான் அவருக்குப் புரியும்படி, நெடுநேரம், பொறுமையாக விளக்கினார்.

உதவித்தொகைக்கான அறிக்கைப் படிவம் எத்தனை மாணவர்கள் கலந்துகொண்டார்கள் என்று கேட்டது, புகைப்படம் கேட்டது. அளந்த இடத்தில் வாழ்கிறவர்களுக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு, 2008இல் எஸ்.இ.ஜி. தொடங்கிய எல்லைகளற்ற புவியறிவியலாளர் திட்டம், புவி இயற்பியலை மக்களின் நலனுக்குப் பயன்படுத்தும் நோக்கத்துடன் இயங்குகிறது. மாணவர் கிளைகளின் சிறிய களப்பணிகளுக்கும் அந்தக் கண்ணோட்டம் வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

கல்லூரி ஆசிரியர், கிளை ஆலோசகர்

முதல் பதிவை எழுதிய ஐயாவிடம் மரியாதையுடன் மாறுபடுகிறேன். ஆசிரியர்கள் எளிதாகக் கைவிடுவதில்லை. களப்பயணத்துக்குப் பேருந்து அனுமதி கேட்டு நான் நின்றபோது, எங்கள் நிர்வாக அலுவலர் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, "இது பாடத்திட்டத்தில் எந்தத் தாளில் வருகிறது?" என்று கேட்டார். எந்தத் தாளிலும் வரவில்லை. மறுநாள் விடியற்காலையில் கிளம்ப வேண்டிய மாணவர்கள் அறைக்கு வெளியே உணவுப் பொட்டலங்களுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அனுமதி இறுதியில் கிடைத்தது. அந்தக் கேள்வி மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. பாட வேளைகளின் கணக்கில் ஏறாத, பணி உயர்விலும் உதவாத ஒரு பொறுப்பைத்தான் ஆலோசகர்கள் சுமக்கிறார்கள்.

யாரும் கேட்கவில்லை என்றாலும், புதிதாகக் கிளை தொடங்குகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். பொறுப்பு மாற்றத்தை ஏப்ரல் வரை தள்ளாதீர்கள். இறுதியாண்டு மாணவர்களின் மனம் ஜனவரியிலேயே ஆய்வேட்டுக்கும் வேலைத் தேர்வுக்கும் போய்விடும். ஆகவே டிசம்பரிலேயே புதியவர்களைத் தேர்ந்தெடுத்து, பழையவர்கள் ஒரு பருவம் அவர்களுடன் அமர்ந்து வேலை சொல்லித்தரும்படி அமையுங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் எப்போதும் இணைச் செயலாளராக இருக்கட்டும். கிளையின் மின்னஞ்சலும் கணக்கும் தனி மனிதரின் பெயரில் இருக்கக்கூடாது; தலைவர் கடலில் உள்ள துரப்பண மேடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டால், கடவுச்சொல்லும் அவருடனேயே போய்விடுகிறது. ஆலோசகர் இருவர் இருக்கட்டும், அவர்களில் ஒருவர் வயதில் இளையவராக இருக்கட்டும். வெளிநாட்டுச் சங்கத்தை மட்டும் நம்பாமல், 1992இல் தொடங்கி டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்டு நடக்கும் பெட்ரோலியப் புவி இயற்பியலாளர் சங்கத்தையும், 1958 முதல் பெங்களூரில் இயங்கும் இந்திய புவியியல் சங்கத்தையும் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்துங்கள். போட்டிகளுக்கு மட்டும் பணத்தைக் கொட்டாதீர்கள். போட்டி நான்கைந்து பேரை மேலே தூக்கும், மற்றவர்களைப் பார்வையாளர்களாக்கிவிடும். சங்கம் செய்யக்கூடிய பேருதவி, ஆலோசகரின் பணியைப் பாராட்டிக் கல்லூரி முதல்வருக்கு ஆண்டுக்கு ஒரு கடிதம் அனுப்புவது. காசு செலவில்லாத அந்தக் காகிதம் கல்லூரிக்குள் எத்தனை கதவுகளைத் திறக்கும் என்பதை ஆலோசகராக இருந்தவர்கள் அறிவார்கள்.

எண்ணெய்த் துறை நிலவியலாளர், கோலாலம்பூர்

போட்டிகளைப் பற்றி மேலே கல்லூரி ஆசிரியர் சொன்னதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. எங்கே எண்ணெய் தேடலாம் என்று மாணவர் அணிகள் ஆராய்ந்து சொல்லும் போட்டியான ஏ.ஏ.பி.ஜி.யின் இம்பீரியல் பேரல் விருதுக்கு ஓர் அணியைப் பயிற்றுவித்திருக்கிறேன். அதிகபட்சம் ஐந்து முதுநிலை மாணவர்கள், உண்மையான ஒரு படுகையின் தரவு, ஏறத்தாழ எட்டு வாரம், கடைசியில் நடுவர்களின் முன் 25 நிமிடம் என்பதுதான் அதன் அமைப்பு. ஒத்திகையின்போது, நடுவராக அமர்ந்திருந்த என் சக ஊழியர், "சொந்தப் பணமாக இருந்தால் இங்கே கிணறு தோண்டுவீர்களா?" என்று கேட்டார். அணியில் மிகக் குறைவாகப் பேசும் மாணவி, தன் அணித்தலைவர் அதுவரை உற்சாகமாக விளக்கிய பொறியமைப்பை (எண்ணெய் தேங்கி நிற்கக்கூடிய பாறை அமைப்பை) சுட்டிக்காட்டி, "தோண்டமாட்டேன், எண்ணெயைக் கசியவிடாமல் மேலே மூடியிருக்க வேண்டிய மூடுபாறை தொடர்ச்சியாக இருப்பதற்கு எங்களிடம் சான்று இல்லை" என்றார். அறை அமைதியானது. அணித்தலைவர் சற்று யோசித்து, அவர் சொல்வதே சரி என்றார். இரவெல்லாம் அமர்ந்து பரிந்துரையையே மாற்றி எழுதினார்கள். வகுப்பறையில் அந்த மாணவி அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பாரா என்று எனக்கு ஐயம்தான்.

ஆனால் பணத்தைப் பற்றி அந்த ஆசிரியர் கொண்ட கவலை நியாயமானது. 2014ன் நடுவில் பீப்பாய் 110 டாலருக்கு மேல் விற்ற பிரெண்ட் கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது. நிறுவனங்கள் செலவைக் குறைத்தபோது, மாணவர் நிகழ்ச்சிகளுக்கான நன்கொடையே முதலில் வெட்டுப்பட்டதைக் கண்ணால் பார்த்தேன். எண்ணெய் விலையோடு ஏறி இறங்கும் உதவியை நம்பி ஒரு கிளை நடக்கக்கூடாது.

முதுநிலை மாணவர், திருச்சி வட்டாரம்

பெரியவர்களுக்கு நடுவே எழுதத் தயக்கமாக இருந்தாலும், உதவி என்று நான் உணர்ந்தது எது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில், களிமண் மேட்டில், எங்கள் கிளை ஒரு களப்பயணம் நடத்தியது. சுண்ணாம்புச் சுரங்கம் ஒன்றில் பணிபுரியும் நிலவியலாளர் ஒருவர் தம் விடுமுறை நாளில் உடன் வந்தார். பெலம்னைட் எனப்படும், கணவாயை ஒத்த அழிந்துபோன கடலுயிரியின் கூர்முனைப் புதைபடிவங்கள் காலடியில் சிதறிக் கிடந்ததால் நாங்கள் பைகளை நிரப்பத் தொடங்கிவிட்டோம். அவர் கோபப்படவில்லை. "எடுத்தவற்றை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, மேட்டின் வெட்டுமுகத்தில் இன்னும் பாறைக்குள் பதிந்திருப்பவற்றைப் பாருங்கள், அவற்றின் முனைகள் எந்தத் திசையில் இருக்கின்றன என்று அளந்து எழுதுங்கள்" என்றார். வெயில் ஏறும்வரை திசைமானியுடன் குனிந்து அளந்தோம். ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடலடியில் நீர் எப்பக்கம் ஓடியது என்பதற்கான சாடை முனைகளின் திசைகளைக் குறித்து நாங்களே வரைந்த வட்டப்படத்தில் தெரிந்தபோது, என் கை நடுங்கியது. 1860களில் நிலவியலாளர் பிளான்ஃபோர்டு இப்பகுதியில் பகுத்த பாறைத் தொகுதிகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அன்றுதான் அவற்றை நிலத்தில் கண்டேன்.

எங்களுக்கு மென்பொருள் உரிமம் கிடையாது, பெரிய போட்டிகளுக்குச் செல்லப் பயணச் செலவும் கிடையாது. அப்படி ஒருவர் ஒரு நாள் உடன் நிற்பதுதான் எங்களுக்குப் பெரிது. தன்பாத் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு, இம்முறை பயண அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் ஒன்றை ஊராட்சி அலுவலகத்துக்கும் அங்குள்ள பள்ளிக்கும் கொடுப்பது என்று கிளையில் முடிவு செய்திருக்கிறோம். பிப்ரவரியில் மீண்டும் காரைக்கும், அங்கிருந்து சாத்தனூர் கல்மரத்துக்கும் செல்கிறோம். சுரங்கத்திலோ நிலத்தடி நீர்த் துறையிலோ பணிபுரியும் உறுப்பினர் எவரேனும் ஒரு நாள் வர இயலுமானால் இங்கேயே தெரிவியுங்கள். பேருந்தில் இடம் இருக்கிறது, உணவு எங்கள் பொறுப்பு.