ட்ரைசூட்: நன்னீரில் 10 கிலோ ஈயம், ஸ்கேபா ஃப்ளோவில் எவ்வளவு?

நீர்க்காகம்:
ட்ரைசூட்டில் (தண்ணீர் புகாத டைவிங் உடை) அமிழ்வதற்காகக் கட்டும் ஈயத்தின் கணக்கு இன்னும் பிடிபடவில்லை. நிலவரம் இது: உடம்பு 82 கிலோ. ட்ரைலாமினேட் (மூன்றடுக்குத் துணி) சூட், உள்ளே குளிருக்கு 400 கிராம் வகை அண்டர்சூட். 12 லிட்டர் ஸ்டீல் சிலிண்டர், நிரப்பினால் 232 பார் அழுத்தம். சாதாரண ஜாக்கெட் பிசிடி (காற்று ஊதி மிதப்பைச் சரிசெய்யும் அங்கி). இடுப்பு பெல்ட்டில் 10 கிலோ. டைவ் எல்லாம் ஸ்டோனி கோவ் குவாரியில், அதாவது நன்னீரில்.

இறங்கும்போதே இழுபறி. கடைசியில் 6 மீட்டரில், சிலிண்டரில் 90 பார் இருக்கும்வரை அசையாமல் நிற்க முடிகிறது. 50 பாரை நெருங்கினால் மெல்ல மேலே தூக்குகிறது. காலும் மிதக்கிறது. அடுத்து ஸ்காட்லாந்தின் ஸ்கேபா ஃப்ளோ கடற்பகுதி, உப்புத் தண்ணீர். "கடலுக்கு 2 கிலோ கூட்டு" என்கிறார் ஒருவர். "4, 5 கிலோ தாராளமாகப் போடு, கனம் இருந்தால் ஆபத்தில்லை" என்கிறார் இன்னொருவர். எவ்வளவு போடுவது? கணுக்கால் எடை வாங்கலாமா?

ஈயக்கட்டி:
தேவையான எண்கள் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கின்றன.

முதலில் காற்றின் எடை. ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம். 12 லிட்டர் சிலிண்டரில் 90 பாரிலிருந்து 50 பாருக்கு வந்தால் 480 லிட்டர் போய்விடுகிறது, அதாவது 0.6 கிலோ. 90-ல் நின்றவர் 50-ல் மிதப்பதற்குக் காரணம் இந்த 0.6 கிலோதான். நன்னீரிலேயே அவ்வளவு குறைவாகக் கட்டியிருக்கிறீர்கள்.

அடுத்து உப்பு. கடல்நீர் நன்னீரைவிட 2.5 சதவீதம் அடர்த்தி அதிகம். இதை உடம்பு எடையோடு மட்டும் பெருக்குவதால்தான் "2 கிலோ" என்ற விடை வருகிறது. பெருக்கவேண்டியது தண்ணீருக்குள் போகும் மொத்தத்தை. உடம்பு 82, சூட்டும் அண்டர்சூட்டும் 7, சிலிண்டர் 18, பிசிடி, ரெகுலேட்டர் (மூச்சுக் கருவி), ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) எல்லாம் 7, ஈயம் 10. மொத்தம் 124. அதில் 2.5 சதவீதம் 3.1 கிலோ.

இன்னொரு சின்னத் திருத்தம். ஈயமும் தண்ணீரை விலக்குகிறது. 1 கிலோ ஈயம் கடலுக்குள் சுமார் 0.91 கிலோதான் இழுக்கும். ஆகவே 3.1-க்கு 3.4, 0.6-க்கு 0.7. கூட்டினால் 10 + 0.7 + 3.4, ஏறக்குறைய 14 கிலோ. இது தொடக்கப் புள்ளி மட்டுமே. சோதித்துத்தான் உறுதிசெய்ய வேண்டும்.

"கனம் இருந்தால் ஆபத்தில்லை" என்பது வெட்சூட்டிலேயே (தண்ணீர் புகும் உடை) தப்பு, ட்ரைசூட்டில் பெரிய தப்பு. 3 கிலோ கூடுதல் என்றால் அதைத் தூக்க எந்த ஆழத்திலும் 3 லிட்டர் காற்று கூடுதலாக வேண்டும். 20 மீட்டரில் இருக்கும் அந்த 3 லிட்டர், வெளியேற்றாவிட்டால் 10 மீட்டரில் 4.5 லிட்டர், மேற்பரப்பில் 9 லிட்டர். கனம் கூடக்கூடக் கட்டுப்படுத்தவேண்டிய குமிழி பெரிதாகிறது. ராக்கெட் மாதிரி மேலே போகிறவர்களில் அதிகக் கனம் கட்டியவர்களும் உண்டு.

சோதனை முறை:

ஸ்கேபாவில் முதல் டைவ் ஆழம் குறைந்த இடத்தில் இருக்கட்டும். 14-க்குப் பதில் 15 கிலோவோடு இறங்குங்கள். அந்த 1 கிலோ கழற்றுவதற்காகத்தான், அரை அரை கிலோவாக. கடைசியில் 50 பார், 4 மீட்டர், ஷாட்லைன் (எடை கட்டித் தொங்கவிட்ட கயிறு) பக்கத்தில். பிசிடியை முழுக்கக் காலி செய்யுங்கள். சூட்டின் டம்ப் வால்வை (காற்றை வெளியேற்றும் வால்வு) கடைசிவரை திறந்து, இடது முழங்கையை உயர்த்தி சூட்டைக் காலி செய்யுங்கள். சூட் உடம்பைப் பிழிகிற மாதிரி இருக்கக்கூடாது, குளிராமல் இருக்கிற அளவு காற்று உள்ளே இருக்கலாம். பிறகு ஃபின் அடிப்பதை நிறுத்துங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கால் கீழே தொங்க மெல்ல அடித்துக்கொண்டே நின்றால், அதிகக் கனத்தைக் கால் தாங்கும், உங்களுக்குத் தெரியாது.

சாதாரணமாக மூச்சு விட்டு நிற்க முடிந்து, முழுக்க வெளிவிட்டால் மெல்ல அமிழ்ந்தால் சரி. வேகமாக அமிழ்ந்தால் அரை கிலோவைக் கழற்றிக் கூட்டாளியிடம் கொடுத்து மறுபடி பாருங்கள்.

50 பாரில் சரியாக நிற்பது போதாது என்பது என் கருத்து. கூட்டாளிக்குக் காற்று பகிர நேர்ந்தால் 20 பாருக்கும் போவீர்கள். அந்த 30 பார் 360 லிட்டர், 0.4 கிலோ. சோதனையில் வந்த விடையோடு அரை கிலோ சேர்த்து நிறுத்திவிடுங்கள்.

இறங்கும்போது இழுபறி என்றீர்கள். அதை ஈயத்தால் தீர்க்காதீர்கள். அண்டர்சூட் நூலிடையில் பிடித்திருக்கும் காற்று உடனே வெளியேறாது. கரையிலேயே குந்தி உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டி, விரலால் கழுத்து சீலை (நீர் புகாத இறுக்கப் பட்டை) திறந்து காற்றைப் பிழிந்து விடுங்கள். தண்ணீரில் நிமிர்ந்து நின்று, வால்வை மேலாக வைத்து, மூச்சை முழுக்க விட்டு ஓரிரு நிமிடம் பொறுங்கள். 3 மீட்டர் தாண்டினால் தானே இறங்கும்.

பாக்குநீர்:
ஈயக்கட்டி சொன்ன கணக்கு சரி. கால் மிதக்கிறதுக்குக் கணுக்கால் பாரம் வாங்க முதல் சப்பாத்தைப் பாருங்கோ. சூட்டின்ர பூட்ஸ் பெரிசெண்டா அதுக்குள்ள காத்துப் போய் இருந்திடும். தடிச்ச சொக்ஸ் போட்டு, பூட்ஸுக்கு மேல இறுக்கமான கெய்ட்டர் (கெண்டைக்கால் உறை) கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். பாரமான ரப்பர் ஃபின் மாத்திறதும் நல்ல வழி, கால்ல தனியாப் பாரம் தூக்கத் தேவையில்லை.

அதுக்குப் பிறகும் மிதந்தால் காலுக்கு அரைக் கிலோ. ஒரு கிலோவுக்கு மேல வேண்டாம், ஒவ்வொரு அடியிலயும் அதையும் சேர்த்துத் தள்ள வேணும், மூச்சும் கூடப் போகும்.

சூட்டுக்குள்ள காத்து எவ்வளவு எண்டதும் முக்கியம். மிதப்புக்குச் சூட்டைப் பாவிக்கிறதோ பிசிடியைப் பாவிக்கிறதோ எண்டு முடிவில்லாமக் கதைக்கலாம். பாரம் சரியா இருந்தால் பிழிவு போறதுக்கு விடுற காத்தே கிட்டத்தட்டப் போதும். மிச்சம் பிசிடிக்கு. சூட்டுக்குள்ள பெரிய குமிழி இருந்தால் தலை கீழாகேக்க அவ்வளவும் காலுக்கு ஓடும், வால்வு கீழ நிக்கும், காத்தை விடவே ஏலாது. அப்பிடி நடந்தால் முழங்காலை நெஞ்சோட மடக்கி, முன்னுக்கு உருண்டு நிமிர்ந்து, உடன இடக்கையை உயர்த்துங்கோ. 5 மீட்டரில அஞ்சாறு தரம் வேணுமெண்டே செய்து பழகுங்கோ.

பதினாலு கிலோவையும் ஒரு இடுப்புப் பெல்ட்டில போடாதேங்கோ. பக்கிள் கழண்டால் மேல பாயுறதைத் தடுக்க ஒண்டுமில்லை. தோள்பட்டி வைச்ச ஹார்னஸில 8, பிசிடியின்ர கழட்டக்கூடிய பொக்கெற்றில 4, சிலிண்டர் பட்டியில 2. அந்த 2 கிலோ தோள்ப்பக்கம் இருக்கிறதால தலை இறங்கும், கால் இன்னும் தூக்கும். அப்பிடித் தெரிஞ்சால் பட்டியைக் கீழ இறக்குங்கோ.

நீர்க்காகம்:
நன்றி. இரண்டு சந்தேகம். ஒன்று, ஸ்கேபாவில் படகிலேயே இரட்டை 12 லிட்டர் சிலிண்டர் வாடகைக்கு எடுக்கலாம் என்று யோசனை. அப்போது ஈயம் பாதியாகுமா? இரண்டு, சூட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் கனத்தால் மூழ்கிவிடுவேனா?

ஈயக்கட்டி:
இரண்டாவதை முதலில் முடிக்கிறேன். தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லை. நீங்கள் இழப்பது அண்டர்சூட்டில் இருந்த காற்றின் மிதப்பை. அதை பிசிடியால் ஈடுகட்டலாம். நிஜ ஆபத்து குளிர். சூட்டில் தேங்கிய தண்ணீர் ஏணியில் ஏறும்போதுதான் கனக்கும். கணுக்கால் சீல் இல்லாத சூட் என்பதால் அது காலில் நிற்கும், மெதுவாக ஏறவேண்டும்.

இரட்டை சிலிண்டர். கழுத்தில் குத்தியிருக்கும் வெற்று எடையைப் பாருங்கள். 13.5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஸ்டீல் லிட்டருக்கு 7.8 கிலோ, ஆகவே உலோகத்தின் பருமன் 1.7 லிட்டர், உள்ளே 12, மொத்தம் 13.7 லிட்டர். கடலில் அது 14 கிலோ தூக்கும். வால்வையும் சேர்த்தால் காலி சிலிண்டர் கிட்டத்தட்ட மிதக்கவும் மூழ்கவும் இல்லாமல் நிற்கும். அதாவது இரண்டாவது ஸ்டீல் சிலிண்டர் உங்கள் ஈயத்தை அதிகம் குறைக்காது! குறைப்பது ஸ்டீல் பேக்பிளேட்டும் (முதுகுத் தகடு), பட்டைகளும், மேனிஃபோல்டும் (இரண்டு சிலிண்டரையும் இணைக்கும் குழாய்). எல்லாம் சேர்ந்து 4, 5 கிலோ வரலாம். அப்படியானால் 14-லிருந்து 9 அல்லது 10-ல் தொடங்குங்கள். கனமான சிலிண்டர் என்றால் இன்னும் குறையும், அதனால்தான் குத்தியிருப்பதைப் படிக்கச் சொல்கிறேன்.

காற்று எடை மட்டும் மறக்கவேண்டாம். 24 லிட்டரில் 180 பார் செலவானால் 4300 லிட்டருக்கு மேல், 5 கிலோ. டைவ் தொடங்கும்போது 5 கிலோ அதிகக் கனமாகத்தான் இருப்பீர்கள், அது இயல்பு. அதைப் பார்த்து ஈயத்தைக் கழற்றினால் மேலேறும் வழியில் கடைசி 6 மீட்டர் ஸ்டாப்பில் நிற்க முடியாது.

பாக்குநீர்:
படகில அலுமினியம் சிலிண்டர் தந்தால் இந்தக் கணக்கு முழுக்க மாறும். 11 லிட்டர் அலுமினியம் காலியாகேக்க ஒண்டரை, ரெண்டு கிலோ மிதக்கும். ஏறுறதுக்கு முதலே கேளுங்கோ.