பிழிவுருளை வைத்த பழைய சலவை இயந்திரம்: தண்ணீர் வடியாமல் நான் பட்ட பாடு

கனடாவின் ஒன்றாரியோவில் எல்மைரா என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு பண்ணை ஏலத்தில் போன வசந்த காலம் இதை வாங்கினேன். நாலு கால், சதுர அலுமினியத் தொட்டி, மேலே துணியை நடுவில் விட்டுப் பிழிய இரண்டு ரப்பர் உருளைகள். அந்த வட்டாரத்தில் பழைய முறையில் வாழும் மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பங்களில் இன்றும் திங்கட்கிழமை என்றால் இப்படிப்பட்ட இயந்திரம்தான் ஓடும். வீட்டு முன் கொடியில் கறுப்பும் நீலமுமாகத் துணிகள் வரிசையாகத் தொங்கும். அயோவாவின் நியூட்டன் நகரில் மேடேக் நிறுவனம் 1983 வரை பிழிவுருளை இயந்திரங்களைச் செய்துகொண்டிருந்தது என்பதால், பழையது என்றாலும் ஒரேயடியாகத் தொல்பொருள் இல்லை என்று மனைவியிடம் வாதாடித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நிலக்கீழ் அறையில் வைத்து முதல் துவையல். மத்து (நடுவிலுள்ள துழாவியை நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம்) அருமையாகக் கடைந்தது. துணிகளைப் பிழிந்து முடித்து, வடிகுழாயை எடுத்துச் சுவரோரத்துச் சலவைத் தொட்டியில் மாட்டினேன். பாதித் தண்ணீர் போனது. பிறகு நின்றுவிட்டது. குலுக்கினேன், தட்டினேன், அசையவில்லை. மாமி படியில் நின்று பார்த்துவிட்டு, "கிணற்றடிக் கல்லில் துவைத்தால் தண்ணீர் தானாகவே வாழைக்கு ஓடிவிடுமே" என்றார்.

முதல் தவறு இயந்திரத்துடையது அல்ல, என்னுடையது. என்னிடம் இருப்பது பம்ப் இல்லாத வகை. குழாயின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த மட்டத்துக்குத்தான் தண்ணீர் இறங்கும். சலவைத் தொட்டியின் விளிம்பு என் இயந்திரத் தொட்டியின் நடு உயரத்துக்கு இருந்தது. தண்ணீரும் சரியாக அங்கேயே நின்றது. துவைக்கும்போது குழாயை விளிம்புக் கொக்கியில் தூக்கி மாட்டுவதும், வடிக்கும்போது தரையில் போடுவதும் இதனால்தான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாலை பிடித்தது.

குழாயைத் தரை வடிகாலில் போட்டேன். இப்போது முழுவதும் வடிந்தது, ஆனால் நூல் போல. ஏழு வாளித் தண்ணீர் வடிய முக்கால் மணி நேரம்.

வெள்ளைத் துணி, வண்ணத் துணி, கடைசியில் தோட்ட வேலைக் காற்சட்டை என்று ஒரே தண்ணீரில் மூன்று முறை துவைக்கிறோம். அத்தனை பஞ்சும் மண்ணும் அடியில்தானே தங்கும்? மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு மத்தைத் தூக்கி எடுத்தேன். அடியில், வடிதுளை வலையின்மேல், சாம்பல் நிறத்தில் ஒரு படிவு. கைவிட்டால் மெழுகு மாதிரி வழுக்கியது. கிணற்றுக் கடின நீரும் சோப்பும் சேர்ந்து உறைந்த பசை, நடுவே ஒரு சட்டைப் பொத்தான். சுரண்டினேன். வளைகுழாயிலும் கம்பி விட்டு இழுத்தேன். வேகம் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான்.

ரப்பர் குழாயை நான் சந்தேகிக்கவே இல்லை. முதல் நாளே அதைக் கழற்றி, தரையில் கிடக்கும் முனையைத் தண்ணீர்க் குழாயில் பிடித்துப் பார்த்திருந்தேன். மறுமுனையில் பீறிட்டு அடித்தது. அதனால் ஒரு ஞாயிறு முழுவதும் தொட்டியின் அடிப்பாகத்தைக் கழற்றி மாட்டினேன், ஒன்றும் கிடைக்காமல்.

கடைசியில் எரிச்சலில் குழாயில் வாய் வைத்து ஊதினேன். தரை முனையிலிருந்து ஊதினால் காற்று தாராளமாகப் போகிறது. இயந்திர முனையிலிருந்து ஊதினால் என் கன்னம் உப்பியதுதான் மிச்சம். கத்தியால் நீளவாக்கில் பிளந்தேன். வெளியே கறுப்பாக, திடமாக, ஒரு வெடிப்பும் இல்லாத குழாய். உள்ளே ரப்பர்ப் படலம் ஒரு நாக்கு அளவுக்கு உரிந்து நின்றது. தண்ணீர் வெளியே போகும் திசையில் வந்தால் நாக்கு நிமிர்ந்து வழியை அடைக்கும். எதிர்த்திசையில் வந்தால் படுத்துக்கொண்டு வழிவிடும். நான் சோதித்தது எதிர்த்திசையில்!

புதுக் குழாயும் இரண்டு கிளிப்பும் போட்டேன். ஐந்தே நிமிடத்தில் வடிந்தது.

* * *

அண்ணை, உங்கள் பதிவைப் படித்தேன். என்னுடையது பம்ப் வைத்தது, அதனால் கதை வேறு. நெம்புகோலைத் தள்ளினால் மோட்டார் உறுமியது, ஆனால் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதியது தேட ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் தடுத்தார். பம்புக்குள் வரும் குழாயைக் கழற்றிக் கீழே ஒரு தட்டை வைக்கச் சொன்னார். கழற்றியதும் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டி என் காலணி நனைந்தது. ஆகத் தொட்டியில் அடைப்பில்லை. பம்பின் அச்சைக் கையால் சுற்றினால் தளர்வாகச் சுற்றியது. பிறகுதான் பார்த்தோம்: மோட்டாரோடு உராய்ந்து பம்பைச் சுற்ற வேண்டிய ரப்பர்ச் சக்கரம் கிரீஸ் படிந்து கண்ணாடி போல மினுங்கியது. அது சுற்றவில்லை, வழுக்கிக்கொண்டிருந்தது. ஸ்பிரிட்டால் துடைத்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தேன். செலவு உப்புத்தாள் ஒன்று.

* * *

இருவரும் சுரண்டினீர்கள், நல்லது. நான் சோம்பேறித்தனத்தில் கடையில் விற்கும் அடைப்பு நீக்கித் தூளை அள்ளிப் போட்டேன். அதில் காஸ்டிக் சோடா இருந்தது. என் தொட்டி அலுமினியம். நுரைத்துக்கொண்டு பொங்கியது, ஓடிப்போய் நீர் ஊற்றினேன். அடைப்பு போகவில்லை, தொட்டியின் அடி மட்டும் கறுத்து, கை வைத்தால் சொரசொரப்பாகக் குழிவிழுந்துவிட்டது. இன்றும் வெள்ளைப் பனியன்களில் சாம்பல் தீற்றல் விழுகிறது. எனாமல் பூசிய வட்டத் தொட்டி வைத்திருந்த என் தோழிக்கு அதே தூள் ஒன்றும் செய்யவில்லை என்பது வேறு வயிற்றெரிச்சல்.

உருளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடிகிறதா என்று கீழே குனிந்து பார்க்கும்போது உருளை சுற்றிக்கொண்டிருந்தால் தலைமுடியும் முந்தானையும் அதற்கு ஒன்றுதான். என் மகள் பக்கத்தில் இருந்தால் நான் அதை ஓடவே விடுவதில்லை.

* * *

பதில் எழுதிய இருவருக்கும் சேர்த்து, முதலில் எழுதிய என்னிடமிருந்து ஒரு புதுச் சேதி. நேற்று மறுபடி துவைத்தேன். தண்ணீர் இப்போது இறங்குகிற வேகத்தைத் தரை வடிகால் தாங்கவில்லை. அறை முழுவதும் கணுக்கால் நனையும் அளவுக்கு நீர், அதில் மாமியின் செருப்பு ஒன்று மிதந்து போகிறது. குழாயின் வாயில் ஒரு அடைப்பான் போட்டு வேகத்தைக் குறைக்கலாமா, அல்லது வடிகாலைக் கிளற ஆள் பிடிப்பதா?